எது முந்துகிறதோ

சாவியைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்ட பிறகுதான்
அலகைத் தொடுவேன்.
மக்னெட்டோ கம்பி எங்கோ அறுந்திருந்தால்
அணைத்த எஞ்சினும் ஒரு சுற்று சுற்றிவிடும்.
எவாரிஸ்தோ மான்சியாவின் இடக்கையில் இல்லாத மூன்று விரல்
அப்படிப் போனவை.

சுபூத்தின் மேற்கே எங்கள் ஓடுதளம்
தாரைக் கண்டதில்லை. வெறும் சரளை.
ஒவ்வொரு கிளம்பலுக்கும் மண்
கைநிறைய அள்ளி எறிந்துதான் வழியனுப்பும்.
முன்விளிம்பில் அதன் பற்குறிகள்.

கண் தவறவிடுவதை நகம் பிடிக்கும்.
அடியிலிருந்து நுனிவரை கட்டைவிரல் நகத்தை இழுத்துப்போவேன்.
வழுக்கும், வழுக்கும், வழுக்கிக்கொண்டே போய்
ஓரிடத்தில்
டிக்.
நிமிடத்துக்கு இரண்டாயிரத்து நானூறு சுற்றும்
வந்து ஊன்றுவது அந்த டிக்கின் மேல்.

அராவும்போது குறுக்கே போகாதே, நெடுக்கே போ.
பள்ளம் ஒரு பங்கென்றால் சரிவு பத்துப் பங்கு.
அழகுக்காக இல்லை,
விரிசல் குந்த ஒரு மூலை
இல்லாமல் செய்வதற்கு.

விமானத்தில் பாதி என்னுடையது, பாதி மெய்ரியன் ஹம்ஃப்ரீஸுடையது.
புத்தகம் சொல்கிறது:
இரண்டாயிரம் மணி நேரம் அல்லது எழுபத்திரண்டு மாதம்,
எது முந்துகிறதோ அப்போது முழுதாய்க் கழற்றிப் பார்.
நாங்கள் பறந்தது அறுநூற்றுப் பதினொன்று.
"மீதி ஆயிரத்து முந்நூற்று எண்பத்தொன்பதை
யாருக்கு எழுதி வைக்க?" என்பான் மெய்ரியன்.
கம்பளி விலை அப்படி.
நானும் சிரித்துவிட்டுச் சரி என்றேன்,
எழுபத்து மூன்றாம் மாதம்,
எழுபத்தைந்தாம் மாதம்.
கொட்டகையில் நின்ற இடத்திலேயே
மசகு காய்ந்தது, ரப்பர் வளையம் இறுகியது,
நிற்பதற்கும் மீட்டர் ஓடும் என்று
இரண்டு பேருக்கும் தெரியும்.

ஜூன் பதினேழு. ஜன்னலில் பாதிவரை பனி.
அடுப்படியை விட்டு நான் எழுந்திருக்கவில்லை.
மாத்தே உறிஞ்சிக்கொண்டே பதிவேட்டில் எழுதினேன்:
‘புரொப்பெல்லர் பார்த்தது. குறையில்லை.’
எழுத்து முத்து முத்தாய் வந்தது.
கொட்டகைக் குளிரில், கையுறையைக் கழற்றிக் கழற்றி
நான் எழுதிய ஒரு வரிகூட
அவ்வளவு அழகாய் வந்ததில்லை.
பக்கம் புரட்டுகிற எவனும் கண்டுபிடித்துவிடுவான்.

ஆகஸ்டில் மெய்ரியனின் மகளைக்
குடல்வால் வலியோடு எஸ்கேலுக்குத் தூக்கிப்போனேன்.
பின்சீட்டில் சுருண்டு படுத்து
"இன்னும் எத்தனை மலை?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.
குறைத்துச் சொன்னேன்.

அலகுகள் சேருகிற குடத்துக்குள்
செஞ்சாயம் கலந்த எண்ணெய் ஊற்றி மூடியிருக்கும்.
வெடிப்புக்கு வாய் உண்டு, குரல் கிடையாது.
அதற்காகத்தான் அந்தச் சிவப்பு.

இன்று காலை அது பேசியது.
குடத்தில் தொடங்கி அலகின் அடிவரை
மயிரிழை மாதிரி, வெளிப்பக்கமாய்ச் சிதறி.
துணியால் துடைத்தேன். கொஞ்ச நேரம் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டேன்.
திரும்பினால், மறுபடி
ஒரு பொட்டு.

ஜூனிலேயே இருந்ததா?
பதிவேட்டைப் புரட்டினேன்.
அந்த முத்தெழுத்து ‘குறையில்லை’ என்கிறது,
அதற்கு வேறென்ன தெரியும்.
ஆகஸ்டிலும் இருந்ததா என்று
யோசிக்கத் தொடங்கி நிறுத்தினேன், பிறகு யோசித்தேன்.

ரேடியோவில் கூப்பிட்டேன்.
"மெய்ரியன், லாரியை எடுத்து வா. குடம் கசிகிறது."
"அப்போ அறுநூற்றுப் பதினொன்றோடு சரியா?" பெருமூச்சு.
"போகட்டும், நல்லவேளை நீ பார்த்தாய், நெலிடா.
நீ பார்க்காமல் விடுகிற ஆளா?"

பொத்தானை அழுத்தினேன்.
அவனுக்குக் காற்றின் இரைச்சல்தான் கேட்டிருக்கும்.
"என்ன? சொல்" என்றான்.

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன், சாவி இருந்தது.
மறுபடி அழுத்தினேன்.